முனியாண்டி எழுப்பிய வடக்குச் சுவர்

முனியாண்டியை நான் முதன்முதலில் சந்தித்தது 1973ஆம் ஆண்டு, ஐப்பசி மழை இறங்கத் தொடங்கிய வாரத்தில். பிரிஞ்சாங் நகரிலிருந்து ஒன்பது மைல் தள்ளி மலைக்குள் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்து நான்கு நாள்களே ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில், தலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் பள்ளிக்கூட வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், படம் பிடித்துக்கொள்ள வந்தவர்களைப் போல, ஏழு பேர் வரிசையாக நின்றார்கள்.

"டீச்சரம்மா, சுண்ணக்கட்டி ரெண்டு குடுங்க. அப்படியே இந்தத் தரையும் கொஞ்ச நேரம் வேணும்."

"தரை எதற்கு?"

"ஆளுங்களைப் படுக்கவெச்சு அளக்கணும்."

சொன்னபடியே படுக்கவைத்து அளந்தார். அவருடைய மனைவி பாஞ்சாலை, பதினைந்து வயது மகள் ரஞ்சிதம், பக்கத்து வீட்டுப் பெரியவர் கருப்பையா, கருப்பையாவின் மருமகள் செல்லம், செல்லத்தின் மூன்று பிள்ளைகள் ஆகியோரை மல்லாந்து படுக்கச் சொல்லி, அவர்களைச் சுற்றிக் கோடு கிழித்தார். பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிக் கிழித்தார். துணிமூட்டைக்கு ஒரு கட்டம், பானைக்கு ஒரு கட்டம், கருப்பையாவின் ஊன்றுகோலுக்கு ஒரு கோடு. அவ்வழியே வந்த கங்காணி காளியண்ணன் குடையை மடக்காமலேயே எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா முனியாண்டி, உசுரோட இருக்கிறவங்களுக்கே குழி அளக்கிறியா?"

"குழிக்குள்ள போகாம இருக்கத்தான் அளக்கிறேன், கங்காணி. நீங்களும் வந்து படுங்க. உங்க வயித்துக்குத் தனிக் கட்டம் போடணும்."

படுத்திருந்தவர்கள் சிரித்துப் புரண்டதில் கோடுகள் அழிந்துபோயின. அவர் பொறுமையாக மறுபடியும் கிழித்தார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அத்தோட்டத்தின் மேற்பிரிவில் மலை சரிந்து, ஒரு வரிசை லைன் வீடுகளை ஆள்களோடு மூடியிருந்தது. அதன்பின் மழை வலுக்கும்போதெல்லாம் மக்கள் ஒதுங்க இடமின்றித் தேயிலை ஆலையின் சாய்ப்பின் கீழ்ப் பிள்ளைகளோடு நின்றார்கள். பலமுறை கேட்டபின், பொதுமண்டபம் ஒன்று கட்டிக்கொள்ளத் தோட்ட மேலாளரான துரை இசைந்தார். மற்ற நாள்களில் அங்கே திருமணம் நடக்கலாம், கூட்டம் போடலாம், திரை கட்டிப் படம் காட்டலாம். மலை மிரட்டும் நாள்களில் நாற்பத்திரண்டு குடும்பங்களும் அதற்குள் தங்கலாம். தோட்டத்தார் அதை மலாய்ச் சொல்லால் 'டேவான்' என்றார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரும், ஆலையின் அடுப்புகளையும் மலையோரக் கால்வாய்களையும் பழுது பார்த்தே தொழில் கற்றவருமான தோட்டத்துக் கொத்தனார் முனியாண்டியிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது.

அவர் சொல்லச் சொல்ல, வரைபடத்தைத் துப்புரவாகப் படியெடுத்தது நான்தான். மணமேடையின் அடியைப் பள்ளமாக்கி, அதில் காய்ந்த விறகும் கம்பளிகளும் வைக்க அறை அமைத்தார். விருந்துக்குச் சோறு வடிக்கும் அண்டாக்களிலேயே கஞ்சி காய்ச்சலாம் என்று, மண்டபத்தின் மூலையிலேயே அடுப்புப் போட்டார். விருந்தினர் உட்காரும் பலகைகளைக் கழற்றிப் பரப்பினால், பிள்ளைகளுக்குக் குளிர் ஏறாத படுக்கையாகும். சன்னல்களை ஆள் உயரத்துக்கு மேலே வைத்து, நெருக்கமாக இரும்புக் கம்பி பொருத்தினார். சாரல் படுத்திருப்பவர்கள்மேல் விழாது. படம் காட்டும்போது வெளியிலிருந்து ஓசியில் பார்க்கவும் முடியாது. கூரையின் சுமை முழுவதும் தூண்களின்மேல் இறங்கியது.

"சுவரு போனாலும் கூரை நிக்கும்லா" என்பார்.

இடம் கிடைப்பதுதான் கடினமாயிற்று. ஒரு தேயிலைச் செடியையும் பிடுங்கக்கூடாது என்பது துரையின் நிபந்தனை. செடியில்லாத சமநிலம் மாரியம்மன் கோயிலின் வளாகம் ஒன்றே. ஆகவே மண்டபம் கோயிலின் முன்கூடத்தை ஒட்டி எழுந்தது. கிழக்கே பள்ளம், மேற்கே மலைச்சரிவும் கால்வாயும். தெற்குச் சுவர் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் பொது. வாசல் அதில்தான் அமைந்தது. கோயில் முன்கூடத்தில் கால் வைக்காமல் எவரும் மண்டபத்துக்குள் வர முடியாது. வடக்குச் சுவர், லைன் வீடுகளிலிருந்து வரும் பாதையைப் பார்த்து நின்றது. அதில் இன்னொரு வாசல் வைக்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, கோயில் தலைவராகவும் இருந்த காளியண்ணன் ஒப்பவில்லை.

"பின்வாசல் வெச்சா, குடிச்சுட்டு வர்றவன் பின்னாலேயே வந்து பின்னாலேயே போவான். ஆத்தா முகத்தைப் பார்த்துட்டுத்தான் யாரும் உள்ள வரணும்."

அது எங்கள் எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. மழைக்காற்று அறைவது அந்தச் சுவரில்தான் என்பதால், அங்கே வாசல் இல்லாதிருப்பதே நல்லது என்று முனியாண்டியும் எண்ணினார். அத்தனை குடும்பங்களுக்கும் இடம் அளந்தவர், எந்தக் குடும்பம் எந்த நாளில் அந்த ஒற்றை வாசலைக் கடக்க முடியாமல் நிற்கும் என்று கேட்கவில்லை. அருகிலிருந்து வரைந்த நானும் கேட்கவில்லை.

1977ஆம் ஆண்டு மார்கழியில் மூன்று நாள்கள் மழை விடவில்லை. நான்காம் நாள் பகல் இரண்டு மணியளவில், தோட்டத்துச் சாலை மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் சரிந்தது. நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஓயாமல் அடித்தார்கள். மக்கள் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு கோயில் வழியாக மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். நானும் நுழைந்தேன். எல்லாம் முனியாண்டி எண்ணியபடியே நடந்தது. மேடைக்கடியிலிருந்து காய்ந்த விறகு வந்தது, கம்பளிகள் வந்தன, அண்டாவில் கஞ்சி கொதித்தது. காளியண்ணன் ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்த்தார். முனியாண்டியின் பெயருக்கு எவரும் குரல் கொடுக்கவில்லை.

சற்று நேரத்தில், வடக்குச் சுவரின் சன்னல் வழியே ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒன்பது நாள்களுக்கு முன்னர் ரஞ்சிதம் பெண் குழந்தை பெற்றிருந்தாள். வீட்டில் பிறப்போ இறப்போ நேர்ந்தால், பதினாறு நாள் தீட்டுக் கழியும்வரை அவ்வீட்டார் கோயிலுக்குள் அடிவைப்பதில்லை. அது அத்தோட்டத்தில் எவரும் மீறாத வழக்கம். ஆகவே மண்டபத்தைக் கட்டியவர், மனைவியோடும் மகளோடும் பேத்தியோடும், தாம் கட்டிய சுவருக்கு வெளியே, கூரை விளிம்பின் ஒன்றரை முழ இறவாணத்தின் கீழே நின்றுகொண்டிருந்தார். ரஞ்சிதத்தின் கணவன் ராமசாமி லாரியோடு தாப்பா நகரில் மாட்டியிருந்தான். வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. லைன் வீடுகளுக்கு மேலிருந்த மலை கற்களை உருட்டத் தொடங்கியிருந்தது.

காளியண்ணன் பலகைமேல் ஏறிச் சன்னலில் முகத்தை வைத்துக் கத்தினார்.

"ஏம்மா பாஞ்சாலை! பச்சை உடம்புக்காரிய வெச்சுக்கிட்டு அங்க என்ன பண்றீங்க? உள்ள வாங்க. ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா."

"ஆத்தா சொல்லமாட்டா, கங்காணி. நீங்க சொல்வீங்க."

"நான் எதுக்கும்மா சொல்றேன்?"

"நாளைக்கு மலை இந்தப் பக்கம் சரிஞ்சா, யாரால சரிஞ்சதும்பீங்க? தீட்டோட கோயிலைத் தாண்டி வந்தாங்களே, அதனாலதான்னு சொல்லமாட்டீங்க? அந்தப் பழி என் பேத்தி தலையிலதானே விழும்? அது வளர்ந்து இந்தத் தோட்டத்துலதானே கொழுந்து பறிக்கணும்?"

உள்ளே இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். அப்படிச் சொல்லமாட்டோம் என்று ஒருவராவது உரக்கச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. பாஞ்சாலை கூறியது மெய்யென்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

குழந்தையை மட்டுமாவது சன்னல் வழியாக வாங்கலாம் என்று பார்த்தோம். கம்பிகளுக்கு நடுவே ஒரு கைதான் நுழைந்தது. தகரக் குவளையில் கஞ்சி ஊற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினோம். காற்று அதைச் சுவரில் மோதிக் கொட்டியது. செல்லம் தன் கம்பளியைச் சுருட்டிக் கம்பியிடையே திணித்தாள். அது கீழே சேர்வதற்குள் நனைந்து கனத்துவிட்டது. மூன்று மணி நேரம் இப்படியே கழிந்தது. குழந்தையின் அழுகை வரவர மெலிந்து, பிறகு நின்றது. உள்ளே இருந்த தாய்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சுவரில் முதல் அடி விழுந்தது. முனியாண்டி தண்ணீரில் நடந்து போய், கருவிக் கொட்டகையிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்திருந்தார்.

"டேய்! கூரை தலையில விழும்டா! இத்தனை பேரு உள்ள இருக்கோம்!" என்று காளியண்ணன் அலறினார்.

"கூரை தூணு மேல நிக்குது, கங்காணி. எல்லாரும் மேடைப் பக்கம் போங்க. மூணாவது தூணுக்கும் நாலாவது தூணுக்கும் நடுவுல யாரும் நிக்காதீங்க."

அவருடைய செங்கல் வேலை எளிதில் அசையவில்லை. "எந்தப் பாவிப்பய இதைக் கட்டினான், இந்தக் கட்டுக் கட்டியிருக்கான்!" என்று அவர் தம்மையே திட்டுவது சன்னல் வழியே கேட்டது, அந்த வேளையிலும் உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். அரை மணி நேரத்துக்குப் பின் ஒரு கல் உள்பக்கமாக விழுந்தது. செல்லமும் இன்னும் இரண்டு பெண்களும் ஓடிப்போய், வெறுங்கைகளால் மற்றக் கற்களை இழுத்தார்கள். முதலில் குழந்தை வந்தது. உதடு நீலம் பாரித்திருந்த அதை அடுப்பருகே வைத்துத் தேய்த்தார்கள், அழுதது. பிறகு ரஞ்சிதம் வந்தாள். பாஞ்சாலையை முனியாண்டி பின்னாலிருந்து தள்ளிவிட்டு, கடைசியாகத் தாமும் நுழைந்தார். ஈரச் சேலையோடு தவழ்ந்து வந்த அந்த அம்மாள், கோயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் எதிரான மூலையில் போய் உட்கார்ந்தார்.

அதன்பின் இரண்டு நாள்கள் நாங்கள் அங்கேயே அடைபட்டுக் கிடந்தோம். கால் நீட்ட இடமில்லாத அந்த மண்டபத்தில், அந்த நால்வரைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தரை வெறுமையாகக் கிடந்தது. அப்படி விடவேண்டும் என்று எவரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. தூக்கத்தில் பிள்ளைகள் அங்கே உருண்டு போனால், தாய்மார் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். முனியாண்டி அந்த வெற்றுத் தரையையே நெடுநேரம் பார்த்தார்.

"இந்த இடத்தை நான் அளக்கவே இல்ல, டீச்சரம்மா" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் லைன் வீடுகளின் கடைசி வரிசை மண்ணுக்குள் போயிற்று. அதில் ஒருவரும் இல்லை. சாலை திறந்ததும் மேலிடத்திலிருந்து ஆள்கள் வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, பயனுள்ள கட்டடம் என்று பாராட்டினார்கள். பாஞ்சாலைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் இறங்கவேயில்லை. தை பிறந்து பன்னிரண்டாம் நாள் இறந்தார்.

கருமாதி முடிந்த மறுவாரம், உடைத்த சுவரைப் பழையபடி அடைக்கவேண்டும் என்று நிர்வாகத்தின் உத்தரவு வந்தது. அந்த இடத்தில் வாசல் வைத்துத் தருமாறு முனியாண்டி கேட்டார். மூன்று விண்ணப்பங்கள் எழுதிக்கொடுத்தேன். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அங்கே வாசல் இல்லை என்று பதில் வந்தது. அது என் கையால் படியெடுத்த வரைபடம். ஆத்தாவைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி வைத்தால், நல்ல நாளிலும் எல்லாரும் அதிலேயே போவார்கள் என்றது கோயில் குழு. அடைப்பதையும் முனியாண்டியே செய்யவேண்டும். மறுத்தால் வேலை போகும். வேலை போனால் லைன் வீடும் போகும். அவர் அடைத்தார்.

ஆனால் சிமெண்டு சேர்க்கவில்லை. வெறும் செம்மண்ணைக் குழைத்துக் கற்களை அடுக்கி, மேலே மெல்லிதாகச் சுண்ணாம்பு பூசினார். பார்வைக்கு அது ஒரே சுவர். பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்தில், பெண்களிடம் மட்டும் ஒவ்வொருவராகச் சொல்லிவைத்தார்.

"மூணாவது தூணுக்கு அந்தப் பக்கம், இடுப்புக்குக் கீழ. குதிகாலால ரெண்டு உதை. அவ்வளவுதான்."

செல்லம் வந்து சொல்லித்தான் எனக்கும் தெரிந்தது. கங்காணிக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் தெரியாது. அந்தச் சுவரே அதன்பின் முனியாண்டியைக் கட்டிப்போட்டது. மழைச்சாரல் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். ஆண்டுதோறும் அவர்தான் யாருக்கும் தெரியாமல் மண் குழைத்துப் பூசவேண்டும். ராமசாமிக்கு ஈப்போவில் நல்ல வேலை கிடைத்து, மாமனாரையும் அழைத்தபோது, "நீங்க போங்க மாப்பிள்ளை, எனக்கு இங்க வேலை இருக்கு" என்றார். அப்பாவைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்றாள் ரஞ்சிதம். ராமசாமியும் தங்கிவிட்டான். ஒரு மனிதரைச் சுவர் பிடித்துவைத்தது. அவர் குடும்பத்தைப் பிடித்துவைத்தார்.

மண்டபத்தில் திருமணம் நடந்தால் அவருக்குச் சாப்பாடே இறங்காது. மூன்றாவது தூணருகே காவல் நிற்பார். ஒருமுறை காளியண்ணனின் பேத்தி திருமணத்தில், மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் நாற்காலியைச் சாய்த்துச் சுவரில் முதுகை வைக்கப் போனார்.

"ஐயா, அங்க சாயாதீங்க! பெயிண்டு காயல."

"என்னய்யா சொல்றீங்க? நாலு வருசத்துக்கு முன்னாடி நான் வந்தப்பவும் இதைத்தானே சொன்னீங்க? எந்த ஊரு பெயிண்டு இது?"

"குளிரு ஊருங்க. மெதுவாத்தான் காயும்."

1985ஆம் ஆண்டு தோட்ட நிர்வாகம் கைமாறியது. புதிய துரை மண்டபத்தைப் புதுப்பிக்க வெளியூர்க் குத்தகைக்காரர்களை அழைத்துவந்தார். அந்த வாரம் முனியாண்டி இருமலுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது, வடக்குச் சுவர் முழுவதும் கம்பிவலை அடித்துச் சிமெண்டு பூசியிருந்தது. விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாராம். ஓர் இடத்திலும் ஒலி மாறவில்லை. நேரே காளியண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோயில் தலைவராக மட்டும் இருந்த காளியண்ணன் வெற்றிலையை மடித்தபடி கேட்டிருக்கிறார்.

"எட்டு வருசமா? ஏண்டா இதை அன்னைக்கே என்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா, அன்னைக்கே சிமெண்டு பூசியிருப்பீங்க."

நான்காவது விண்ணப்பத்தை நான் எழுதினேன். கோயில் தலைவர் என்ற முறையில் அதில் முதற்கையெழுத்தைக் காளியண்ணனே போட்டார். கார்த்திகை பிறந்தும் பதில் வரவில்லை. மழை வந்துவிட்டது.

அவ்வாண்டு நான் தானா ராத்தாவிலுள்ள பள்ளிக்கு மாறியிருந்தேன். கார்த்திகைக் கடைசியில் முனியாண்டியை மூச்சுத்திணறலோடு அவ்வூர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். லைன் வீடுகளில் தொலைபேசி இல்லாததால், ஏதேனும் நேர்ந்தால் செய்தி சொல்லவேண்டியவர் என்று பதிவேட்டில் என் பெயரைக் கொடுத்திருந்தார். நாள்தோறும் பள்ளி விட்டதும் போய்ப் பார்த்தேன். ஐந்தாம் நாள் மாலை, முகத்திலிருந்த ஆக்சிஜன் குழாயைத் தாமே விலக்கிக்கொண்டு பேசினார்.

"மழை விட்டுதா, டீச்சரம்மா?"

"இல்லை, அண்ணே."

"தோட்டத்துல?"

"அங்கேயும் பெய்கிறது. தண்டவாளத்தை அடித்துவிட்டார்களாம். நேற்றே எல்லாரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள் என்று தேயிலை லாரிக்காரர் சொன்னார். ரஞ்சிதமும் பிள்ளைகளும் உள்ளேதான் இருக்கிறார்கள். ராமசாமி இங்கே வரக் கிளம்பி, சாலை சரிந்து துண்டான இடத்திலிருந்து திரும்பிவிட்டானாம்."

ரஞ்சிதம் உள்ளே இருக்கிறாள் என்பதை நான் இன்னொரு முறை சொல்லவேண்டியிருந்தது.

"சாவுச் சேதி காதுல விழுந்தாத்தானே தீட்டு? விழாத வரைக்கும் இல்லதானே?"

"அப்படித்தான் சொல்வார்கள். இப்போது எதற்கு அந்தப் பேச்சு?"

"விழுந்த நிமிசமே அவ மூணு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு, ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே அந்த ஒத்த வாசல் வழியா வெளிய போயிடுவா. அன்னைக்கு எங்களைச் சுத்திக் கிடந்த வெத்துத் தரையை அவ மறக்கல, பிள்ளைங்களை அதுல உக்காரவெக்கமாட்டா. அவங்கம்மாவுக்குப் பொறந்தவதானே. காளியண்ணன் கால்ல விழுந்து கேட்டாலும் நிக்கமாட்டா. திரும்பி உள்ள வர்றதுக்கு இப்போ வழியும் இல்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்பு அரித்த அந்த விரல்கள் என் விரல்களை இறுக்கின.

"உங்களைப் பொய் சொல்லச் சொல்லல, டீச்சரம்மா. சும்மா இருங்க, அது போதும். நான் போயிட்டா என்னை இங்கேயே ஒரு பக்கமா வெச்சிருக்கச் சொல்லுங்க. மழை விட்டு, சனங்க எல்லாம் டேவானை விட்டு வீட்டுக்குப் போன பிறகு ரஞ்சிதத்துக்குச் சேதி அனுப்புங்க. அதுவரைக்கும் யாராச்சும் கேட்டா, தூங்குறேன்னு சொல்லிடுங்க."